பாட்டு எத்தனை மணி நேரம் ஓடும்?

கடந்த பள்ளி விடுமுறையில் உறவினர்கள் பதினாறு பேர் சேர்ந்து தெமெங்கோர் ஏரிக்குப் போனோம். ஈப்போவிலிருந்து கிரிக் வழியாகப் பண்டிங் படகுத்துறை, அங்கிருந்து படகு வீடு. 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் உண்டான ஏரி அது. உள்ளே போகப் போகக் கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்காது.

என் மச்சான் புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபையரும் நான்கு ஸ்பீக்கர்களும் வாங்கி வந்திருந்தார். பெட்டியின் மேல் ‘1200 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இரவு 11 மணிக்குப் படகுக்காரர் ஜெனரேட்டரை நிறுத்தினார். மச்சான் அசரவில்லை. படகு எஞ்சினின் பேட்டரியிலிருந்து வயரை இழுத்து இணைத்துவிட்டார். இரண்டு மணி வரை பாட்டு. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சின்ன எஞ்சினாக இருந்தால் கயிற்றை இழுத்துக் கிளப்பிவிடலாம். இது பெரியது. வேறொரு படகு வந்து பேட்டரி கொடுத்து உதவ மூன்று மணி நேரம் ஆனது. எல்லாரும் கேலி பேசிச் சிரித்தார்கள். பெரியம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை பண்டிங்கில் நின்ற காரிலேயே இருந்தது எனக்குத் தெரியும் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாணவர்களே, P = VI என்ற சூத்திரம் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்திருப்பீர்கள். சூத்திரம் எந்த மொழியிலும் ஒன்றுதான். அதை வைத்து ‘எத்தனை மணி நேரம்’ என்று கேட்க நாம் பழக்குவதில்லை. ஒரு ஆசிரியராக அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. வாட் கணக்கைப் பார்த்து ஸ்டீரியோ வாங்குவது தவறு, மணிக் கணக்கைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்கை இங்கேயே போட்டுவிடுவோம்.

முதலில் அந்த 1200 வாட்டை மறந்துவிடுங்கள். அது கண நேரம் எட்டும் உச்சத்தைக் காட்டும் விளம்பர எண். கையேட்டின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று ஒன்று இருக்கும். மச்சானுடையதில் ஒரு ஸ்பீக்கருக்கு 75 வாட், நான்குக்கும் சேர்த்து 300. பாட்டு ஏறி இறங்கி ஒலிப்பதால் சராசரி இன்னும் குறையும். நன்றாகச் சத்தமாக வைத்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 100 வாட் ஸ்பீக்கருக்குப் போவது. பேட்டரியிலிருந்து எடுப்பது அதைவிட அதிகம். பழைய ‘ஏபி’ வகை ஆம்ப்ளிஃபையர் அந்த அளவில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை மட்டுமே ஒலிக்கு அனுப்பும், மீதி வெப்பமாகப் போய்விடும். தொட்டுப் பார்த்தால் கை சுடுவது அதனால்தான். ஆகவே 100 வாட் ஒலிக்கு 250 வாட் தேவை. 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 20 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்கு 60 ஆம்பியர்-மணி. எஞ்சின் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 70. காலையில் அது ‘டக்’ என்றாவது சொன்னதே பெரிய விஷயம்!

‘டி’ வகை ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய 80 விழுக்காடு திறமையுடன் வேலை செய்யும். அதே பாட்டுக்கு 125 வாட், சுமார் 10 ஆம்பியர் போதும். ஒரே சத்தம், பாதிச் செலவு.

இன்னொரு நுணுக்கம் உண்டு. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய-அமில பேட்டரியை முழுதாகக் காலி செய்யக் கூடாது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அந்த 100 என்ற எண்ணும் பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக, 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் அதைவிடக் குறைவாகவே தரும். ஆகவே கணக்குக்கு 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியருக்கு ஐந்து மணி நேரம். விளக்குகளையும் அதிலேயே எரித்தால் நாலு மணி சொச்சம்.

என் அப்பாவுக்கு இந்தக் கணக்கு பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்திருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், மின்சாரம் வராத காலத்தில், கறுப்பு வெள்ளை டிவி ஓடியது கார் பேட்டரியில். சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்களாம். வெள்ளிக்கிழமைப் படம் முக்கியம் என்றால் வியாழன் இரவு டிவியைத் திறக்கவே விடமாட்டார்கள். திரையில் படம் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தால் மின்னழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே அடைத்துவிடுவார்களாம். இன்றைய ஸ்டீரியோ அப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைசி வரை பாடிவிட்டுச் சட்டென்று நிற்கும்.

எடுத்ததைத் திருப்பி ஏற்றவும் வேண்டும். எஞ்சின் 10 ஆம்பியர் கொடுத்தால், 50 ஆம்பியர்-மணி ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஏரியில் யார் அவ்வளவு ஓட்டுகிறார்கள்? கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று போட்டால், நம் நாட்டு வெயிலில் நல்ல நாளில் 25 ஆம்பியர்-மணி அளவுக்கு எதிர்பார்க்கலாம். மழை நாளில் அந்த நம்பிக்கையும் வேண்டாம்.

சத்தம் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபையரை மாற்றுபவர்களுக்கு ஒரு செய்தி. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும், காதுக்குச் சற்றே தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன். அதே 3 டெசிபெல்லை, 87க்குப் பதில் 90 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் வாங்கினால் பேட்டரிக்குச் செலவே இல்லாமல் பெறலாம். அந்த எண்ணும் கையேட்டில் இருக்கும். தெமெங்கோர் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இருக்கின்றன. அவற்றின் குரலைக் கேட்கப் போன இடத்தில் இத்தனை டெசிபெல் எதற்கு என்று நான் கேட்டேன். மச்சான் பதில் சொல்லவில்லை.

எந்த ஸ்டீரியோ வாங்கினாலும் ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு, பாட்டுக்கான பேட்டரி வேறாக இருக்க வேண்டும். கிளப்பும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடி பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டவை. ‘டீப் சைக்கிள்’ பேட்டரியின் தகடுகள் தடித்தவை, மெதுவாக நெடுநேரம் தரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச் வைத்துப் பிரித்துவிட்டால், ஸ்டீரியோ எவ்வளவு குடித்தாலும் காலையில் எஞ்சின் கிளம்பும். கூடுதல் பேட்டரிக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் ஆகும் என்பது உண்மைதான். ஸ்பீக்கருக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

வயரும் முக்கியம். பேட்டரி நான்கு மீட்டர் தள்ளி இருந்தால் போக வர எட்டு மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும், வயரும் சூடாகும். 16 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு கால் வோல்ட்தான்.

மச்சான் டிசம்பரில் மறுபடியும் போகிறார். ‘டி’ வகை ஆம்ப்ளிஃபையர், தனியாக 100 ஆம்பியர்-மணி பேட்டரி, தடித்த வயர் எல்லாம் வாங்கியாயிற்று. பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் போட வேண்டிய ஃபியூஸை மட்டும் இன்னும் வாங்கவில்லை. இந்தச் சனிக்கிழமை நானே ஈப்போவில் வாங்கி மாட்டிவிடப் போகிறேன்.