பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சாச்சு, லேப்ல சேத்துவிடலாமா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்துப் பெற்றோர் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. அவசரப்பட்டு சேத்துவிடாதீங்கன்னுதான் சொல்வேன். காரணத்தைச் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

தனியார் லேப்ல உங்க பொண்ணை உடனே எடுத்துக்குவாங்க. கிரியாட்டினின், கல்லீரல் என்சைம் எல்லாம் அவளுக்கு நல்லாவே தெரியும். ஆனா அரசு லேப் டெக்னீஷியன் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி, கேக்குறது எம்.எல்.டி படிப்பு. பயோகெமிஸ்ட்ரி டிகிரி மட்டும் அங்க செல்லாது. அஞ்சு வருஷம் ரத்தம் எடுத்திருந்தாலும் விண்ணப்பமே போட முடியாது. லேப் வேலைதான் பிடிச்சிருக்குன்னா முதல்ல டி.எம்.எல்.டி சேரட்டும்.

இதே டிகிரி செல்லுற இடம் ஒண்ணு இருக்கு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை! 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள்ல தகுதிப் பட்டியல்லயே பயோகெமிஸ்ட்ரி இருக்கு. கெமிஸ்ட்ரி படிச்சவங்க எம்.எஸ்சி முடிச்சிருக்கணும், உங்க பொண்ணுக்கு பி.எஸ்சியே போதும். வேடிக்கை என்னன்னா, இதுக்கும் ஆள் எடுக்கிறது அதே எம்.ஆர்.பி.தான். அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதுக்காக வீட்டுல உக்காந்து காத்திருக்கவும் வேண்டாம்.

"பக்கத்துலயே சிப்காட் இருக்கே டாக்டர்?"

இருக்கு. என்ன வேலைன்னு கேட்டுட்டு அனுப்புங்க. டிகிரி முடிச்ச பிள்ளையை ஒப்பந்தத்துல லைன்ல நிக்க வைக்கிறது வேற, தரக்கட்டுப்பாட்டு லேப்ல வைக்கிறது வேற. கழிவுநீரை 27 டிகிரியில 3 நாள் வச்சுப் பாக்குற பி.ஓ.டி டெஸ்ட் இருக்கு பாருங்க, அதோட முழுப்பேர்லயே 'பயோகெமிக்கல்' இருக்கு. அந்த மாதிரி வேலையைக் கேட்டு வாங்குங்க. பின்னாடி வேற கம்பெனிக்கு மாறும்போது கைகொடுக்கிற அனுபவம் அதுதான்.

மேல படிக்க ஆசைன்னா மூணாம் வருஷத்துலயே ஜாம் தேர்வுல பயோடெக்னாலஜி தாள் எழுதலாம். ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி படிக்க அதுதான் வழி. விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில, தேர்வு பிப்ரவரியில. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இது தெரியறதே டிகிரி முடிச்ச பிறகுதான். எம்.எஸ்சிக்கு அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர் நெட் எழுதி ஜே.ஆர்.எஃப் கிடைச்சா, பிஎச்.டி படிக்கும்போதே மாசம் 37,000 ரூபாய். "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பா"ன்னு கேக்குற சொந்தக்காரங்ககிட்ட இந்த நம்பரைச் சொல்லுங்க.

பொண்ணு இப்போ எந்த வருஷம் படிக்கிறான்னு கீழ எழுதுங்க. தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.