அட்டை வேறு, பாத்தியதை வேறு

சிந்தாதிரிப்பேட்டையில் மாலை வேளைகளில் கூடிப் பேசுகிற எங்கள் சிறு கோஷ்டியில், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரும், எந்த விவகாரத்தையும் விதிமுறைக் கண்கொண்டே பார்த்துப் பழகியவருமான நண்பர் ஒருவர், தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே தீர்ப்பைத் தவறாமல் சொல்லுவார்: “அட்டையைக் காட்டினால் ஓட்டு, காட்டாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட வேண்டும், சார். இந்த ஒன்றைக் கண்டிப்பாகச் செய்தால் நாட்டில் கள்ள ஓட்டு என்ற பேச்சே இருக்காது.” இது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் தலையசைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். படித்தவர், படிக்காதவர், கட்சிக்காரர், கட்சியை வெறுப்பவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாக்காக இது நிலைபெற்றுவிட்டதால், இதனை அங்கம் அங்கமாகப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. வாக்குச்சாவடியில் அடையாளமே காட்டக்கூடாது என்று வாதிப்பது என் நோக்கமன்று. நானும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

அட்டைதான் ஓட்டு என்ற எண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஓட்டுரிமையைப் பற்றிப் பேசும் 62-ஆவது பிரிவில் அட்டை என்ற சொல்லே இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவனுக்கு ஓட்டு உண்டு, பெயர் இல்லாதவனுக்கு இல்லை என்பதே அதன் சாரம். அட்டையும் விரலில் வைக்கும் மையும் அதற்கு முந்தின 61-ஆவது பிரிவில், ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் முன்னேற்பாடுகளாக மட்டுமே இடம் பெறுகின்றன. பட்டியலில் கண்ட பெயரும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றுதான் என்று சாட்சி சொல்லுவதற்கு மேல் அட்டைக்கு வேறு உத்தியோகம் இல்லை. சாட்சி ஒருவரே என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆதார், பாஸ்போர்ட், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, ஓய்வூதியப் பத்திரம், மாற்றுத்திறனாளி அட்டை என்று பன்னிரண்டு மாற்று ஆவணங்களைத் தேர்தல் கமிஷன் 2024 பொதுத்தேர்தலில் அங்கீகரித்திருந்தது. “அட்டை இல்லையேல் வீட்டுக்குப் போ” என்று நண்பர் சொல்லுவது, ஆகவே, சட்டத்தை விடக் கண்டிப்பான ஒரு சட்டம்.

அடுத்தபடியாக அவர் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்துவார். ரயிலில் அடையாளம் காட்டுகிறோம், ரேஷன் கடையில் காட்டுகிறோம், ஓட்டுப் போடும்போது மட்டும் காட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்பது அவர் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயிலைத் தவறவிட்டவன் அடுத்த ரயிலில் போகலாம். ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவள் நாளைக் காலை மறுபடியும் வரிசையில் நிற்கலாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள், அந்த நாளிலும் மாலை ஆறு மணிக்குள், என்று காலம் குறுக்கப்பட்ட ஒரு காரியத்தில் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அடுத்த ரயில் எங்கே இருக்கிறது?

இந்த வேற்றுமையை நம் தேசம் அநுபவத்தில் அறிந்திருக்கிறது. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொன்ன ஸ்திரீகள் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. இவர்களில் பெரும்பாலோர் வடநாட்டு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். அடையாளம் சரியாக இருக்கவேண்டும் என்று அப்போதைய தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் பிடிவாதமாக நின்றதில் பிழை காண முடியாதாயினும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்களே. பிற்பாடு புகைப்பட அட்டைக்குச் சட்டத்தில் வழி செய்து, 1960-இல் தென்மேற்குக் கல்கத்தா இடைத்தேர்தலில் பரீட்சை பார்த்தபோது, பல மாதங்கள் முயன்றும் ஐந்தில் மூன்று பங்கு வாக்காளர்களுக்குத்தான் அட்டை கொடுக்க முடிந்தது. அந்நிய ஆடவர் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெண்கள் சம்மதிக்காதது அதற்கு ஒரு காரணம். 1993-இல் அதே பதவியிலிருந்த டி. என். சேஷன் நாடு முழுவதற்கும் அட்டை என்று உத்தரவிட்டது பெரிய காரியம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் 1995 ஜனவரிக்குப் பின் அட்டை இல்லாத இடத்தில் தேர்தலே இல்லை என்று அவர் கூறியபோது, அட்டை கொடுக்க வேண்டிய சர்க்கார் கொடுக்கத் தவறியதற்காகப் பிரஜையின் ஓட்டை நிறுத்திவைக்க முடியாதென்று உச்ச நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. சேஷனுடைய கண்டிப்பை நண்பர் ஓயாமல் புகழுவார். இந்தக் குறுக்கீட்டை மட்டும் ஏனோ அவர் நினைவுகூர்வதில்லை.

இனி, கள்ள ஓட்டு. வாக்குச்சாவடிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகக் கவனித்தால், அட்டைக்கு முன்பிருந்தே அங்கே காவல் பலமாக இருப்பது புலப்படும். முதல் மேஜை உத்தியோகஸ்தர் பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிக்கிறார். எதிரே பெஞ்சியில் அமர்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பிரதியில் கோடு கிழிக்கிறார்கள். இந்த ஏஜெண்டுகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். பெரும்பாலும் அதே தெருவில் பிறந்து, அதே குழாயடியில் சண்டை போட்டு, எந்த வீட்டில் யார் காலமானார், யார் கல்யாணமாகி ஆவடிக்குப் போனார் என்று அறிந்தவர்கள். வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர் அல்லர் என்று ஒரு ஏஜெண்டுக்குத் தோன்றினால், 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஜே பிரிவின்படி இரண்டு ரூபாயை ரொக்கமாகக் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபணை நிரூபணமானால் வந்தவரைப் போலீஸாரிடம் ஒப்படைக்கலாம். வேண்டுமென்றே கிளப்பிய வம்பு என்று தெரிந்தால் இரண்டு ரூபாய் பறிமுதலாகும். விலைவாசி எங்கேயோ போய்விட்ட இந்தக் காலத்திலும் மாறாமல் நிற்கும் அந்த இரண்டு ரூபாயில் எனக்கு ஒரு தனிப் பிரியமே உண்டு: சந்தேகப்படுகிறவன் தன் சந்தேகத்துக்குப் பிணை கட்ட வேண்டும் என்ற தர்மம் அதில் இருக்கிறது. “அட்டை இல்லையேல் போ” என்ற சித்தாந்தமோ சந்தேகத்தின் பாரம் முழுவதையும் ஓட்டுப் போட வந்தவனின் தலையிலேயே ஏற்றிவிடுகிறது.

அடுத்த மேஜையில் மை. மைசூரிலுள்ள அரசாங்கத் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் வருகிற அந்த மையிலுள்ள வெள்ளி நைட்ரேட், தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெளிச்சம் பட்டுக் கறுத்தபின், நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாது. ஒருவனே இரண்டு இடங்களில் ஓட்டுப் போடுவதைத் தடுப்பது இந்தக் கறையே. அட்டையால் அது ஆகாது. இவ்வளவையும் தாண்டி நம் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதே விதிகளின் 49-பி பிரிவு, தனியே சீட்டில் போடும் ஆய்வுக்குரிய ஓட்டை அளிக்கிறது. 2018-இல் ‘சர்கார்’ படம் வந்தபின் அந்தப் பிரிவின் எண்ணைச் சிறு பையன்கள்கூடச் சொன்னார்கள்.

இத்தனை காவலும் எப்போது தோற்கிறது? ஏஜெண்டை மிரட்டி வெளியே அனுப்பி, அலுவலரை வாய்மூட வைத்து, ஒரு கூட்டம் உள்ளே புகும்போது தோற்கிறது. 2006 அக்டோபரில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் எழுந்த வன்முறைப் புகார்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடியும் ஓட்டெடுக்க நேர்ந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று வாக்காளரிடம் அட்டை இல்லாமலா அந்த அலங்கோலம் நடந்தது? 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் கமிஷன் ரத்து செய்ததும் பணப் பட்டுவாடாவின் காரணமாகவே. பணம் வாங்கிக்கொண்டவன் காட்டும் அட்டை அப்பழுக்கற்ற அசல் அட்டை என்பதை நண்பர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆதார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாம் என்ற யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆதார் எண் குடியுரிமைக்கு அத்தாட்சியாகாது என்று ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. காகிதத்தில் ஒரே வழியைத் திறந்து மற்றவற்றை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராதாபுரம் சட்டசபைத் தொகுதி இருக்கிறது. 2016-இல் அங்கே வெற்றி தோல்வியின் வித்தியாசம் 49 ஓட்டுகள். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. அவற்றை எண்ணும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் வந்துவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டசபையின் ஆயுள் அதற்குள் தீர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் 2023 மே மாதம் உள்ளாட்சித் தேர்தலில் புகைப்பட அடையாளத்தை முதன்முதலாகக் கட்டாயமாக்கியபோது, சாவடிக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்டு, பின்பு வராமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று அந்நாட்டுத் தேர்தல் கமிஷனே கணக்குக் கொடுத்தது.

அட்டையைப் பற்றி இவ்வளவு ஆவேசப்படுகிறவர்கள் பட்டியலைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடியேற்றப்பட்ட குடும்பத்தின் கையில் பழைய விலாசமிட்ட அட்டை பத்திரமாக இருக்கலாம். பழைய பட்டியலில் பெயர் நீங்கி, புதிய பட்டியலில் ஏறாமல் போனால், அந்த அட்டை வெறும் புகைப்படந்தான். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின் முதற்கட்ட முடிவில் டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில், தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றுள் எத்தனை சரி, எத்தனை தவறு என்பதை அவரவர் பாகத்துப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். தவறு இருந்தால் மனு கொடுக்கக் கெடுவும் இருந்தது.

வரைவு வெளியான அந்த வாரத்தில் ஒரு மாலை, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, பார்த்தீர்களா என்று நண்பரைக் கேட்டேன்.

“எதற்கு, சார்? அதுதான் அட்டை இருக்கிறதே” என்றார்.