பலகை மாறினது, பள்ளிக்கூடம் மாறேல்லை

"எந்தப் பள்ளிக்கூடம்?" எண்டு கேட்பினம். பெயர் 'கல்லூரி' எண்டு முடிஞ்சா ஒரு மரியாதை. 'அ.த.க. பாடசாலை' எண்டா ஒரு "ஓ..."

பெயரில் இருப்பது பழைய வரலாறு. அ.மி.த.க. எண்டா அமெரிக்க மிசன் தமிழ்க் கலவன். 1960-61இல் அரசாங்கம் பெரும்பாலான உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பெடுத்தது. மிசன் போனது, எழுத்து நிக்குது. பிள்ளைக்கு என்ன கிடைக்கும் எண்டதைச் சொல்லுற குறியீடு பலகையிலேயே இல்லை. 1ஏபி எண்டா உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி எண்டா கலையும் வர்த்தகமும்தான். வகை 2 எண்டா 11ஆம் தரத்தோட சரி.

எங்கட ஊர் வித்தியாலயம் 'கல்லூரி' ஆனது. மாலை, மேளம், அதிதிகள், புதுப் பலகை (எழுத்து வடிவாத்தான் இருக்கு). வகை? அதே 2. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளை உயர்தரம் படிக்க விடிய பஸ்சுக்கு நிக்குது. பஸ் காசு இல்லாதது வீட்டில நிக்குது. இதைப் பற்றி அந்த மேடையில் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

பழைய மாணவர் சங்கத்து அண்ணைமாரே, பெயர் மாத்த எத்தினை தரம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஏறி இறங்கினீங்கள்? பௌதிகவியல் ஆசிரியர் ஒருத்தரைக் கேட்டு ஒருக்காலாவது போனீங்களா?