மூச்சும் வழிபாடும்

மார்கழிக் குளிரும் ஹோமப் புகையும் சாம்பிராணியும் கடும் ஆஸ்துமா உடைய அன்பர்களின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். அதற்காகக் கோயிலைத் துறக்க வேண்டுவதில்லை.

மருத்துவர் பெரும்பாலும் இருவகை இன்ஹேலர் தருவார். தினமும் இழுப்பது உள்வீக்கத்தைத் தணித்து நோயைத் தடுப்பது. விரத நாளிலும் அதனை நிறுத்தலாகாது. இழுத்தபின் வாய் கொப்பளித்தல் அவசியம். மற்றொன்று மூச்சு முட்டும்போது உடன் உதவுவது. அதனை மடியில் வைத்துக்கொண்டே ஆலயம் செல்க. ஹோமத்தைப் புகை வாராத தொலைவில் அமர்ந்து தரிசிக்கலாம். பழநியில் 693 படிகள் ஏற இயலாதோர்க்கு விஞ்ச்சும் ரோப் காரும் உள்ளன.

இன்ஹேலரால் திணறல் அடங்காவிடினும், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மூச்சு போதாவிடினும், தீபாராதனை முடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனை செல்க. உடம்பையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். பாதியில் எழுந்து செல்வது அபசாரமன்று.