சாவி என் கையில், கார் யார் கையில்?

லண்டன் குளிர்ல காலங்காத்தால கார்ச்சாவியைக் கெஞ்சியிருக்கீங்களா மக்களே? நான் கெஞ்சினேன். 1999 மாடல், ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்கல. சிவப்பு விளக்கு மட்டும் கண்ணடிக்குது. இம்மொபிலைசர் என்னையே திருடன்னு முடிவு பண்ணிடுச்சு!

டீலர்கிட்ட இழுத்துட்டுப் போனா, "ஈசியூ, சாவி, பூட்டு எல்லாத்தையும் மாத்தணும்"னார். சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்.

விஷயம் இவ்வளவுதான். சாவித் தலைக்குள்ள பேட்டரி இல்லாத சிப். சாவி போடுற இடத்தைச் சுத்தியிருக்கிற கம்பிச்சுருள் அதுக்கு மின்சாரம் கொடுத்துக் கோட் கேட்கும். ஒத்துப்போனாத்தான் எஞ்சின் கிளம்பும். தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டர் வச்சுப் பார்த்தார். சுருளோட ஒயர்ல சால்டரிங் விட்டிருந்தது. அரைமணி நேர வேலை!

ஆனா சிப்பே செத்திருந்தா? புதுச் சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்துற கோட் கம்பெனிகிட்டத்தான். கேட்டா, "திருடனுக்குத் தெரிஞ்சிடும்"ங்கறாங்க. அடப்பாவிகளா! 2005-லயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார்ச்சாவிகள்ல இருந்த 40 பிட் சிப் ஒண்ணை உடைச்சுக் காட்டியாச்சு.

இம்மொபிலைசரே வேணாம்னு சொல்லல. பிரிட்டன்ல 1998 அக்டோபர்லேர்ந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். நல்லதுதான். ஆனா காரை விக்கும்போதே கோடையும் உரிமையாளர் கையில கொடுக்கணும். சொந்த வீட்டுக்குள்ள போக, கட்டின கொத்தனார்கிட்ட அனுமதி கேட்கணுமா என்ன?

டிஸ்கி: எலக்ட்ரீஷியன் வாங்கின கூலியைவிட, டீலர் 'பார்த்ததுக்கு' வாங்கின காசு அதிகம்.