நருட்டோவும் வெள்ளிமலையும்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஜப்பானிய அனிமே (அசைவூட்டப் படம்), மங்கா (சித்திரக்கதை) குறித்த கட்டுரைகளை எழுதுவதும் பராமரிப்பதும் சம்பளமில்லாத வேலை. 2003 செப்டம்பரில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியம் இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. அதில் அனிமேக்கும் மங்காவுக்கும் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ அனிமே படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்த பிறகும், அந்தச் சிறிய இடம் சிலர் கண்ணை உறுத்துகிறது. ‘கல்வராயன் மலைக் கிராமங்களைப் பற்றி உருப்படியாக நான்கு வரி இல்லாத இடத்தில் கார்ட்டூனுக்குக் கட்டுரை எதற்கு?’ என்பது அவர்கள் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கேள்வியின் அடிப்படையே பிழை.

பெயரில் தொடங்கும் வேலை: அனிமே கட்டுரைக்குத் தலைப்பிடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஜப்பான், யப்பான், சப்பான் என நாட்டின் பெயருக்கே மூன்று எழுத்துக்கூட்டல். கிரந்தம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ‘ஆலமரத்தடி’ என்கிற பொது விவாதப் பக்கத்தில் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிவருகிறார்கள். மசாஷி கிஷிமோட்டோ படைத்த மங்கா நாயகனை ‘நருடோ’ என்று எழுதினால், படிக்கும் தமிழ் நாக்கு டகரத்தை மெலிதாக்கிவிடும். ‘நருட்டோ’ என்று ஒற்று சேர்த்தால் வல்லோசை கிடைக்கும். ஆனால், ஜப்பானியரின் நாக்கு அந்த இடத்தில் தொடுவது பல்லை, அண்ணத்தை அல்ல. அந்தக் கணக்கில் ‘நருத்தோ’தான் நெருக்கம். ஆங்கிலம் வழியாகப் பழகிய ரசிகர்களோ அதை ஏற்க மாட்டார்கள். ‘மங்கா’ என்ற சொல் மட்டும் தமிழ் எழுத்தில் அச்சுஅசலாக உட்காரும். ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்தால் ஊறுகாய்க்குப் போய்விடும். கடைசியில் ஒரு வடிவம் தலைப்பாகிறது, மற்றவை ‘வழிமாற்று’ப் பக்கங்களாகின்றன. இது வீண் வேலை என்பவர்கள், கல்வராயன் மலை, கல்வராயன்மலை, கல்ராயன் மலை என்று மூன்று விதமாகத் தேடிப் பார்க்கலாம். மலைக்கும் அதே சிக்கல், அதே தீர்வு.

தலைப்புக்குப் பிறகு வருவது முடிவில்லாத பராமரிப்பு. நருட்டோ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக, 72 தொகுதிகளாக வெளிவந்து முடிந்த கதை. அதன் அனிமே முதல் வரிசையில் 220, இரண்டாம் வரிசையில் 500 பகுதிகள். இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் ஓரளவு மூச்சுவிடலாம். ஆனால், ‘ஒன் பீஸ்’ மங்கா 1997-ல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு புதிய தொகுதி வரும்போதும் கட்டுரையில் உள்ள எண்ணிக்கை பொய்யாகிவிடும். முடியாத கதைக்கு முடிந்த கட்டுரை எழுத இயலாது. இடையிடையே, தன் நாயகனே உலகில் வலிமையானவன் என்று ஒரு ரசிகர் எழுதிவிட்டுப் போவார். மற்றொருவர் வந்து அதை மீளமைப்பார்.

அனிமே கட்டுரையாளர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், கதைக்கு வெளியே நின்று எழுதுவது. ‘நருட்டோ ஊரைக் காப்பாற்றினான்’ என்பதோடு நிறுத்தினால் அது கதைச்சுருக்கம். யார் எழுதியது, எந்த இதழில் வந்தது, மங்காவில் இருப்பது அனிமேயில் எங்கே மாறுகிறது, அதற்குச் சான்று என்ன என்று சேர்க்கும்போதுதான் கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகிறது. ஆங்கில விக்கிப்பீடியா இதைச் சூடுபட்டுக் கற்றது. ஒருகாலத்தில் போக்கிமான் விளையாட்டின் ஒவ்வொரு உயிரிக்கும் அங்கே தனிக் கட்டுரை இருந்தது. நீண்ட சண்டைக்குப் பின் அவற்றில் பெரும்பாலானவை பட்டியல்களாகச் சுருக்கப்பட்டன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற ‘குறிப்பிடத்தக்கமை’ விதிகள் கூர்மைப்பட்டதில் இந்தப் பொம்மைப் பூதங்களுக்கும் பங்குண்டு.

சிந்தாமணி சொல்லும் சாட்சி: கதைமாந்தருக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை என்பவர்கள் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பிறப்பையே மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-ல் வெளியிட்ட ‘அபிதானகோசம்’ புராண, இலக்கியப் பெயர்களின் அகரவரிசை. சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியாகத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910-ல் வெளிவந்தது. அச்சேற்ற ஆதரவு தேடி அவர் அலைந்தது தனிக் கதை. கைகொடுத்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு, ஆசிரியர் மறைந்த பிறகு 1934-ல்தான் வந்தது.

அந்த நூலைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் முனிவர், அசுரர், அரசர், அவர்தம் மனைவியர், மக்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுப் பிரிப்பார் முதலியார். இன்றைய விக்கிப்பீடியாவின் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ பக்கம் செய்வதும் அதுதான். இன்ன புராணத்தில் இன்னார் மகன், இன்னொன்றில் வேறொருவர் மகன் என்று பதிவுசெய்வதற்கும், மங்காவில் இப்படி, அனிமேயில் அப்படி என்று எழுதுவதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. சம்பளமின்றி, பெருநிறுவனத்தின் துணையின்றி, கதைமாந்தர் பட்டியலை ஆண்டுக்கணக்கில் தொகுத்த ஒரு பள்ளி ஆசிரியரை இன்றைய சொல்லில் ‘தன்னார்வலர்’ என்றுதான் அழைக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவும் இந்திய அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் ராமாயணத்தை அனிமேயாக எடுத்தார்கள். அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. சிந்தாமணியில் இருக்கும் இராமனுக்குத் தகுதி உண்டு, ஜப்பானியர் வரைந்தால் அது போய்விடும் என்பது என்ன கணக்கு? கார்ட்டூன் என்று முகம் சுளிப்பவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. அவர்களுக்கு உறுத்துவது தரம் அல்ல, வயது, எழுதுபவர்களின் இளவயது.

மலையைப் பற்றி இருப்பது என்ன? தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் இல்லாமலில்லை. அரசுத் தரவுகளைக் கொண்டு தானியங்கி நிரல் ஒன்று ஆயிரக்கணக்கில் உருவாக்கியது. கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, சந்தை எத்தனை, சுடுகாடு எத்தனை என்று அட்டவணை இருக்கும். கீழே சிற்றூர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அடித்தளமாக அது பெரிய சேவை. ஆனால், ஊர்க்காரர் ஒருவர் படித்து ‘இது எங்க ஊரு’ என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அந்த அட்டவணைகளும் தாமாக உயிரோடு இருப்பதில்லை. கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சிப் பகுதி 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டத்தோடு போனது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மூன்று முகவரி. ஒவ்வோர் ஊர்க் கட்டுரையிலும் தகவல் பெட்டியில் ஒரு சொல், பகுப்பில் ஒரு சொல், அடியில் உள்ள வழிகாட்டு வார்ப்புருவில் ஒரு சொல் என்று ‘விழுப்புரம்’ இருந்த இடங்களைக் ‘கள்ளக்குறிச்சி’ ஆக்க வேண்டும். ஒன்றை விட்டால் ஊர் இரண்டு மாவட்டங்களில் நிற்கும். ‘ஒன் பீஸ்’ தொகுதி எண்ணைத் திருத்தும் பொறுமைதான் இங்கும் தேவை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ‘கலைக்களஞ்சியம்’ ஒப்பற்ற சாதனை. ஆனாலும், அச்சுத் தாளில் மாவட்டம் மாறாது.

கதை அறிந்தவர் வேண்டும்: கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அது வரலாறு அல்ல. வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கத்தக்கதும் அல்ல. ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதற்கு முந்தைய வாழ்க்கையின் பெரும்பகுதி ஏட்டில் இல்லை, வாய்மொழியில் இருக்கிறது. ஒரு கதையை, அதை நம்பாமலும் இழிவுபடுத்தாமலும், யார் சொல்வது, எங்கே எப்படி மாறுகிறது என்று பதிவுசெய்யத் தெரிந்தவர் இங்கே வேண்டும். அந்தப் பயிற்சி புள்ளிவிவரக் கையேட்டில் கிடைக்காது. கதைக்கு வெளியே நின்று கதையை எழுதிப் பழகியவரிடம் கிடைக்கும்.

எழுதாமல் விட்டதன் விலையும் தெரிந்ததுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதையடுத்துக் கல்வராயன் மலையின் பெயர் நாடெங்கும் சாராயத்தோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்டது. மலைவாழ் மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த நாள்களில் மலையைப் பற்றித் தேடியவருக்குக் கிடைத்தவை சாராய ஊறல் அழிப்புச் செய்திகள். மலைமேல் ஊரான வெள்ளிமலையின் சந்தையும், மலையில் பிறந்து அணை சேரும் கோமுகி ஆறும், மேகம் அருவியும் பின்னால் போய்விட்டன. இந்தப் பழி நருட்டோ கட்டுரை எழுதியவர் மீது விழ வேண்டியதா? மலையைப் பற்றி எழுதும் தகுதியும் நேரமும் சம்பளமும் பெற்றிருந்து எழுதாத பேராசிரியர்கள் மீது விழ வேண்டியதா?

இயந்திரம் போதாது: ‘இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே மொழிபெயர்த்துவிடும், தன்னார்வலர் எதற்கு?’ என்பது அடுத்த வாதம். தமிழ் விக்கிப்பீடியா இதை ஒருமுறை பார்த்துவிட்டது. 2009 முதல் கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள் அமர்த்தி, மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. நீளம் இருந்தது, வாக்கியம் இல்லை. ஏற்றியவர்கள் போய்விட்டார்கள், துப்புரவு தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது. வங்காள விக்கிப்பீடியர்கள் அத்தகைய கட்டுரைகளை ஏற்கவே மறுத்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா, யாரும் சரிபாராமல் இயந்திரம் எழுதிய பக்கங்களை விவாதமின்றி விரைந்து நீக்கலாம் என்று விதி செய்திருக்கிறது. ஆள் பலம் மிகுந்த ஆங்கிலத்துக்கே அந்தக் கதி என்றால், தமிழின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

அரசு வழியிலும் முயன்றாயிற்று. 2010 செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. 2017-ல் பள்ளிக் கல்வித் துறை ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியா பயிற்சி அளித்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால், சுற்றறிக்கையால் வருபவர் சுற்றறிக்கையோடு போய்விடுவார். போட்டி முடிந்த மறுநாள் பரிசுக்காரர் இருக்க மாட்டார். அடுத்த தொகுதி வெளிவந்த மறுநாள் ரசிகர் இருப்பார்.

ஆகவே, செய்ய வேண்டியது எளிது. கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும், சங்கராபுரம், சின்னசேலம் அரசுப் பள்ளிகளின் கணினி அறைகளிலும் மாணவருக்குத் தமிழ்த் தட்டச்சும் ஒரு பயனர் கணக்கும் தரலாம். தலைப்பை அவர்களிடமே விட்டுவிடலாம். டோரேமானில் தொடங்கினால் தொடங்கட்டும். சான்று கேட்டு ஒருவர் ‘மேற்கோள் தேவை’ என்று குறியிடும்போது வரும் கோபமும், தேடி எடுத்துச் சான்று வைக்கும்போது வரும் நிறைவும் ஒரு வாரத்தில் கற்றுத்தருவதை ஓராண்டுப் பாடவேளை தராது. இன்னாடு, சேராப்பட்டு, கரியாலூர் போன்ற மலை ஊர்களைப் பற்றிய நல்ல கட்டுரைகளை எந்தக் குழுவும் எழுதப்போவதில்லை. நருட்டோவுக்கு ஒற்று மிகுமா மிகாதா என்று ஆலமரத்தடியில் சண்டையிட்டுத் தேறிய மலைப் பிள்ளைதான் எழுதப்போகிறது.