கலவரம் தானாக மூள்வதில்லை

"மக்களின் கோபம் கட்டுமீறிவிட்டது, அரசால் தடுக்க முடியவில்லை." எங்கே இனக்கலவரம் நடந்தாலும் இந்த விளக்கம் உடனே வந்துவிடுகிறது. நன்கு படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். கொன்றவனுக்கு முகமில்லாமல் செய்து, காவல் காக்க வேண்டியவனைப் பரிதாபத்துக்குரியவனாக்கும் இந்தப் பேச்சை ஏற்கவே கூடாது.

1983 ஜூலை 23 இரவு இலங்கையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் இறந்தார்கள். மறுநாள் இரவு கொழும்பு எரியத் தொடங்கியது. 28ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜெயவர்த்தனா தமிழர்களுக்கு எதிரான இந்தக் கலவரத்தைச் சிங்கள மக்களின் எதிர்வினையாகவே பேசினார். செத்த தமிழர்களுக்காக ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை.

ஆனால் தாக்க வந்தவர்கள் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள். கோபத்தின் கையில் அது எப்படி வந்தது? வீட்டுக்காரர் சிங்களவர் என்றால், குடியிருந்த தமிழரின் சாமான்களை மட்டும் தெருவில் போட்டுக் கொளுத்திய இடங்கள் உண்டு. எந்த வீடு யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொண்டு வந்த கோபம் அது! சிங்கள மக்கள் எல்லோரும் கொதித்தார்கள் என்றால், தமிழர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களவர்கள் யார்?

அதே கலவரத்தின்போது கொழும்பு வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அங்கே சுவரும் பூட்டும் சாவியும் அரசினுடையவை. முதல் நாள் 35 பேர் செத்த பிறகும் எஞ்சியவர்களைக் காப்பாற்ற இடையில் ஒரு முழு நாள் இருந்தது. காப்பாற்றவில்லை. இதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தாய்லாந்து பௌத்தத்தை ஆராய்ந்து பேர் பெற்ற இலங்கைத் தமிழரான மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையா, 83க்குப் பிறகு வன்முறையை ஆராயத் திரும்பினார். கூட்டத்தின் வெறியை மட்டும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், தேர்தல், ஊர்வலம், கட்சி ஆகியவற்றோடு அதற்குள்ள உறவைத் தேடினார். இப்படித் தேடினால்தான் ஆட்களும் கட்டளைகளும் கண்ணில் படுகின்றன.

1984 நவம்பரில் டெல்லியில் நடந்த சீக்கியர்களுக்கு எதிரான கலவரத்திலும் அவர்கள் வீடுகளைப் பட்டியல் வைத்தே தேடினார்கள். அங்கே சுல்தான்புரியில் விதவைகளோடு இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் வீணா தாஸ் போன்றவர்கள், நெருப்பு அணைந்த பிறகும் நீளும் வன்முறையைக் கவனித்தார்கள். போலீஸ் பல கொலைகளை ஒரே எஃப்.ஐ.ஆரில் திணித்தது. தன் கணவனைக் கொன்றவன் பெயரைச் சொல்லத் தயாராக இருந்தவளுக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை. அந்தக் கலவர வழக்கில் காங்கிரஸ் அரசியல்வாதி சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில். 34 ஆண்டுகள்! அரசு கையாலாகாமல் நின்றது என்று சொல்பவர்கள், அந்த 34 ஆண்டுகளும் கோப்புகள் யார் மேசையில் கிடந்தன என்று கேட்கட்டும்.